ரோலரும் காகிதக் கிழிசலும்

2013 டிசம்பரில் மும்பையில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஓர் ஓவியம் 23 கோடி ரூபாய்க்கு மேல் விலைபோனது. அதில் மனிதர் இல்லை, மரம் இல்லை, தெய்வமும் இல்லை. வரைந்தவர் வாசுதேவ் காய்தொண்டே. 1924இல் நாக்பூரில் பிறந்தவர், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர், 1970களில் டெல்லிக்குக் குடிபோய், 2001இல் மறைந்தவர். இப்படிப்பட்ட அருவ ஓவியம் எதிலிருந்து பிறக்கிறது? அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் ஜென் தத்துவத்தையும் தியானத்தையும் கைகாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் போதாது. அவருக்கான தூண்டுதலில் பெரும்பங்கு அவர் கைவேலைக்குள்ளேயே கிடைத்தது என்பதுதான் என் கட்சி.

ஆரம்ப காலத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சிற்றோவியங்களைப் பார்க்கும்போது அவற்றிலுள்ள உருவங்களை விலக்கிவிட்டு, எந்த நிறம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கத் தொடங்கினார் காய்தொண்டே. அரசனும் அரசியும் போய்விட்டால் மிஞ்சுவது மஞ்சள் இத்தனை பங்கு, சிவப்பு இத்தனை பங்கு என்ற கணக்குதான். பால் க்ளேயின் ஓவியங்களில் அவரை ஈர்த்ததும் கோடு நடந்துபோகும் விதம். இரண்டுமே பட்டறைப் பாடங்கள், உபதேசங்கள் அல்ல. பிறகு 1950களின் இறுதியில் உருவங்கள் கழன்றுகொண்டன. தூரிகை இருந்த இடத்துக்கு ரோலரும் பேலட் கத்தியும் வந்தன. எண்ணெய் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார், சுரண்டுவார், மறுபடி ஏற்றுவார். பத்திரிகைத் தாள்களைக் கிழித்து, அந்தத் துண்டுகளைக் கொண்டு வண்ணத்தைக் கேன்வாஸில் ஒற்றி எடுப்பார். தாளை உரித்த இடத்தில் ஏதோ ஒரு லிபியின் சிதறல்போல வடிவங்கள் நிற்கும். படிக்கப் போனால் ஒன்றும் தேறாது.

ரோலரை உருட்டத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உருட்டலாம்தான். எந்தத் துண்டை எங்கே வைப்பது, எந்தப் பூச்சோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவெடுக்கும் கண்ணைத்தான் வாடகைக்கு எடுக்க முடியாது. அவர் வருடத்துக்கு முடித்தவை ஐந்தாறு ஓவியங்கள் மட்டுமே. விலை ஏறிய காலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேலையின் வேகமே அவ்வளவுதான். மீதிக் காலமெல்லாம் யோசிப்பதிலும் பார்ப்பதிலும் போனது.

வலுவான மறுப்பு வேறொன்று. மௌனத்தைப் பற்றியும் ஜென் பற்றியும் அவரே பேசியிருக்கிறாரே, அவரைவிட உனக்குத் தெரியுமா என்று கேட்கலாம். அவர் பேசியது உண்மை. ஆனால் ஜென் நூல்களைப் படித்த ஓவியர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அவர்களில் யாருடைய கேன்வாஸும் காய்தொண்டேயின் கேன்வாஸ்போல ஆகிவிடவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. 1984இல் அவர் ஒரு விபத்தில் சிக்கினார். உடல் ஒத்துழைக்காததால் பெரிய கேன்வாஸ்கள் சில வருடங்கள் நின்றுபோயின. அந்தக் காலத்தில் அவர் செய்தவை காகிதத்தில் மையால் வரைந்த சிறிய படங்கள். நிறப் படலங்கள் போய்விட்டன, கோடுகளும் கறுப்பும் முன்னுக்கு வந்தன. தத்துவம் மாறவில்லை, மாறியது கை எட்டும் தூரமும் கருவியும். படமும் கூடவே மாறிவிட்டது.

கிடைமட்டமாக ஒளி படர்ந்திருக்கும் அவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு இது கடல், இது தொடுவானம் என்று பெயர் சூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த உரிமை உண்டு. தன் ஓவியம் எந்தப் பொருளையும் சார்ந்ததல்ல என்றே அவர் சொல்லிவந்தார். இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்தான். 2014இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்கென்று பெரிய கண்காட்சி நடத்தியபோது, அதன் தலைப்பில் ஓவியம் என்பதை ஒரு செய்முறையாகத்தான் முதலில் குறித்தார்கள், வாழ்க்கையாக அதற்குப் பிறகு. அந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது. அவர் ஓவியம் எதையாவது நேரில் பார்க்க வாய்த்தால், பத்தடி தள்ளி நின்று பார்த்தபின், பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை பாருங்கள். மேல் பூச்சு விலகிய இடங்களில் அடியில் வேறு நிறம் தெரியும். காகிதம் ஒட்டியிருந்த விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் பிடிபடும்.