நினைவுக்கு ஒரு நாள், மற்றவை இருப்பவர்களுக்கு
(மைசூர் அக்ரஹாரத்தில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



துணையை இழந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. நானும் ஒருவன். ஆகவே உபதேசம் செய்ய வரவில்லை. நம் ஊரில் வாழ்ந்த ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் மனைவி ராஜம் 1939-ல் டைபாய்டு ஜுரத்தில் காலமானார். கையில் சின்னஞ்சிறு பெண் குழந்தை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. குழந்தையை வளர்த்தார். 1945-ல் அந்தத் துக்கத்தையே 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலாக எழுதினார். இடையில் ஆறு வருஷம். மனசு ஆறுவதற்கு அவசரப்படுத்தக் கூடாது.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். டைபாய்டுக்குக் குளோரம்பெனிக்கால் மருந்து வந்தது 1948-ல்தான். 1939-ல் யார் ஓடியிருந்தாலும் அது கிடைத்திருக்காது. "முன்னாலேயே கவனித்திருந்தால்" என்று நம்மை நாமே வதைத்துக்கொள்கிறோம். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய நாளை விசாரிப்பது நியாயமில்லை.

நம் பெரியவர்கள் பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் வைத்தார்கள். மறந்துவிடு என்பதற்காக அல்ல. வருஷா வருஷம் சிராத்தமும் வைத்தார்களே! நினைவுக்கென்று ஒரு நாள். மற்ற நாட்கள், இருப்பவர்களுக்கும் இன்றைய காரியங்களுக்கும்.

ஒரு வேண்டுகோள். பதின்மூன்று நாளும் வீடு நிறைய ஜனம். பதினாலாம் நாள்தான் வீடு வெறிச்சென்று ஆகும். அன்றைக்கு அங்கே ஒரு நடை போய் வாருங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. கூட உட்கார்ந்து ஒரு வாய் காபி சாப்பிட்டாலே போதும்.