காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

மாரி மழை தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கரையில் நுளம்புக்குக் கொண்டாட்டம். கல்லடி, காத்தான்குடி, புளியந்தீவு என்று எங்கு பார்த்தாலும் சிரட்டையிலும் பழைய டயரிலும் தண்ணீர் தேங்கும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு டெங்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் போதும். அதுவும் வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. காய்ச்சல் குறையவில்லையே என்று இடையில் இன்னொரு தரம் கொடுத்தால் ஈரல்தான் பாதிக்கப்படும். அஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டவே வேண்டாம்; டெங்கென்றால் இரத்தம் கசியும். கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுங்கள். சிவப்புப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் வந்தாலும் தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் நாளும் காய்ச்சலென்றால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

"காய்ச்சல் விட்டுட்டு, இனிப் பயமில்லை" என்போம். டெங்கில் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிய, கை கால் குளிரும்; வயிறு வலிக்கும்; வாந்தி நிற்காது; பிள்ளை சோர்ந்து கிடக்கும்; சிறுநீர் குறையும். இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வலிப்பு, மூச்சுத் திணறல் வந்தாலும் அப்படித்தான். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சலென்றால் அன்றைக்கே வைத்தியசாலைதான்.

வாகனம் இல்லையா? 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.