ஏழு பாட்டும் ஒரு பெயரும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை.)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான்தான் ராக் இசை பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். வாசலில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டான். 'நம்ம ஆளுங்களுக்கும் அதுக்கும் என்ன தோழர் சம்பந்தம்?' நல்ல கேள்வி. இதே கேள்வியை 1970களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மூன்று கறுப்பினச் சகோதரர்களிடம் அவர்கள் தெருவே கேட்டது. அவங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி 2001-க்குப் போய்ட்டு வரணும். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

2001இல் 'ராக் திரும்பி வந்துவிட்டது' என்று ஒரே கூச்சல். நியூயார்க்கில் ஸ்ட்ரோக்ஸ் என்ற குழு 'இஸ் திஸ் இட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. நைந்த ஜீன்ஸ், கலைந்த தலை, தெருவிலிருந்து எழுந்து வந்த மாதிரி ஒரு தோற்றம். பாடகரின் அப்பா எலைட் என்ற பெரிய மாடலிங் நிறுவனத்தை நிறுவியவர். குழுவில் இரண்டு பேருக்கு சின்ன வயதில் சுவிட்சர்லாந்தின் உறைவிடப் பள்ளி ஒன்றில் பழக்கம். பாட்டு மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்லாவே இருக்கும். அந்தக் கிழிசல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வகையை இண்டி என்பார்கள். பெரிய கம்பெனியை நம்பாமல் சின்னக் கம்பெனி வழியாக, இல்லையென்றால் கைக்காசு போட்டு வெளியிடுவது. நம்ம சிறுபத்திரிகை மாதிரிதான். அங்கேயும் கடன், கோஷ்டி, சண்டை எல்லாம் உண்டு.

அதே நேரத்தில் டெட்ராய்ட்டிலிருந்து ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் வருகிறார்கள். ஜாக் வைட், மெக் வைட் என்று இரண்டே பேர். ஒரு கிதார், ஒரு டிரம்ஸ். உடை, மேடை எல்லாம் சிவப்பு, வெள்ளை, கறுப்பு. 2003இல் அவர்கள் போட்ட 'செவன் நேஷன் ஆர்மி'யின் மெட்டை இன்றைக்கும் கால்பந்து மைதானங்களில் கூட்டம் முழுக்கக் கத்துகிறது. யார் பாட்டு என்றே தெரியாமல் கத்துகிறவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள்.

ஜாக் வைட் எங்கிருந்து எடுத்தார் என்பதை மறைக்கவில்லை. மிஸிஸிப்பியில் பிறந்த கறுப்பின ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸைத் தன் ஆசான் போலச் சொன்னார். 2000இல் வந்த ஆல்பத்தில் சன் ஹவுஸின் பாட்டை எடுத்துப் பாடினார். அந்த சன் ஹவுஸ் 1988இல் இறந்தது இதே டெட்ராய்ட்டில்தான். அப்போது ஜாக் வைட் அதே ஊரில் 13 வயதுப் பையன். ஆக, நன்றி கெட்டவர்கள் என்று வெள்ளை இளைஞர்களை நாம் திட்டிவிட்டுப் போய்விட முடியாது. விஷயம் அதைவிடச் சிக்கல்.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டெட்ராய்ட் மக்களில் 80 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால் 'டெட்ராய்ட் ராக்' என்று உலகம் கொண்டாடிய குழுக்களில் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். மிக் காலின்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். 1980களிலேயே கோரீஸ் என்ற குழுவில் இந்த மொட்டை ஒலியை வாசித்தவர். 2001இல் டர்ட்பாம்ஸ் குழுவோடு 'அல்ட்ராகிளைட் இன் பிளாக்' என்று கறுப்பின ஸோல் பாட்டுகளை ராக்காகத் திருப்பிப் போட்டார். இசை தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மைதானங்களுக்குத் தெரியாது.

2007இல் நியூயார்க்கர் பத்திரிகையில் சாஷா ஃப்ரேர்-ஜோன்ஸ் என்ற விமர்சகர் எழுதினார்: இண்டி ராக் கறுப்பிசையின் தாளத்தைக் கைவிட்டு வெளிறிப்போய்விட்டது என்று. பெரிய சர்ச்சை ஆனது. எனக்கு அந்தக் கட்டுரையில் பாதிதான் உடன்பாடு. கறுப்புத் தாளம் இல்லையே என்பது ஒரு கவலை. கறுப்பு ஆள் அந்த மேடையில் நின்றால் என்ன நடக்கிறது என்பது வேறு கவலை. இரண்டாவதை 2003லேயே ஜேம்ஸ் ஸ்பூனர் படமாக எடுத்துவிட்டார். 'ஆஃப்ரோ-பங்க்' என்ற ஆவணப்படம். அரங்கம் முழுக்க வெள்ளையர், நடுவில் தான் ஒருத்தி மட்டும் கறுப்பு. வீட்டுக்குப் போனால் 'வெள்ளைக்காரியாகப் பார்க்கிறாயா' என்ற ஏச்சு. இப்படி ஊர் ஊராக ஆட்கள் பேசுகிறார்கள். டிவி ஆன் த ரேடியோ என்ற புரூக்ளின் குழு அடுத்த வருஷமே முதல் முழு ஆல்பம் போட்டது. ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, புஷ்ஷைச் சாடி ஒரு பாட்டு எழுதி இணையத்தில் இலவசமாக விட்டார்கள். அவர்களைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும்.

இப்போது அந்த மூன்று சகோதரர்கள். டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி. 1971இல் ஃபங்க் இசைதான் வாசிக்க ஆரம்பித்தார்கள். தி ஹூ என்ற ஆங்கிலேயக் குழுவின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்த டேவிட், இனி ராக்தான் என்று முடிவெடுத்தார். வீட்டுப் படுக்கையறையில் பயிற்சி. அம்மா பிற்பகல் 3 மணியிலிருந்து 6 மணிவரை அனுமதி கொடுத்தார். அக்கம்பக்கம் முழுக்க மோட்டவுன் இசை கேட்கிற வீடுகள். 'வெள்ளைக்காரன் சத்தத்தை ஏன்டா போடுறீங்க' என்கிறது தெரு. சக் பெரி யார், லிட்டில் ரிச்சர்ட் யார், அவர்களுக்கும் முன்னால் மின்கிதாரோடு மேடையேறிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப் யார்? மூன்று பேரும் கறுப்பினத்தவர். ஆனால் இருபது வருஷத்துக்குள் அந்தச் சொத்து கைமாறி, பிள்ளைகள் அதைத் தொட்டால் அடுத்தவன் பொருளை எடுத்தது மாதிரி ஆகிவிட்டது. ஆதிக்கம் வேலை செய்கிற விதம் இதுதான் தோழர்களே. பொருளை எடுத்துக்கொள்வதோடு நிற்காது, அது நம்மதுன்னு நமக்கே மறந்துபோகும்.

அவர்களுடைய அப்பா குடிபோதையில் கார் ஓட்டியவன் ஒருவனால் செத்துப்போனார். அந்தச் சாவிலிருந்து டேவிட் குழுவுக்கு 'டெத்' என்று பெயர் வைத்தார். மரணம். சாவைப் பயமாகப் பார்க்காமல் வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

1975இல் டெட்ராய்ட்டின் யுனைடெட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் 7 பாட்டு பதிவாகிறது. இசைத் தொழிலில் பெரிய புள்ளியான கிளைவ் டேவிஸுக்குப் பிடித்திருந்தது, ஆனால் பெயரை மாற்றச் சொன்னார் என்று ஹாக்னி குடும்பத்தார் சொல்கிறார்கள். மற்ற இருவருக்கும் சபலம் இருந்தது. டேவிட் முடியாது என்றார். ஒப்பந்தம் போச்சு.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். பெயர் மாற்றிக்கொண்டு கெஜட் நகலோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெயரில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, ஒன்றை மறைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகை ஆட்கள் பாரத்தை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் எதுவும் கேட்பதுமில்லை. டேவிட்டை நினைக்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது. மாற்றிக்கொண்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்ற மறுத்தால் என்ன விலை என்பதற்கு டேவிட்டின் மீதி வாழ்க்கை சாட்சி.

1976இல் அவர்களே இரண்டு பாட்டை இசைத்தட்டாகப் போட்டார்கள். 500 பிரதி. (சிரிக்காதீங்க, நம்ம பத்திரிகைக் கணக்கும் அதுதான்.) வானொலி சீண்டவில்லை. பிறகு வெர்மாண்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பாபியும் டேனிஸும் ரெகே வாசிக்கப் போனார்கள். டேவிட் 1982இல் டெட்ராய்ட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒரு நாள் மூல டேப்புகளை பாபியிடம் கொடுத்து, என்றைக்காவது உலகம் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்றாராம். 2000இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். டேப்புகள் பாபி வீட்டுப் பரணில் கிடந்தன.

அடுத்த சில வருஷங்களில், இந்த இண்டி சேகரிப்பாளர்கள் அந்த 500இல் மிஞ்சியதைத் தேடிப் பெரிய விலை கொடுக்கிறார்கள். பாட்டு இணையத்தில் பரவுகிறது. 2008இல் பாபியின் மகன் ஒருவர் அதைக் கேட்கிறார், குரல் அப்பாவுடையது! அப்பா பிள்ளைகளிடம் அதுவரை மூச்சே விட்டதில்லை. யாருக்கும் வேண்டாத ஒன்றை எப்படிச் சொல்வது?

சிகாகோவின் டிராக் சிட்டி என்ற சின்னக் கம்பெனி 2009இல் அந்த 7 பாட்டையும் வெளியிட்டது. டெத் என்ற அதே பெயரில். அதே ஊர்க்காரர் ஜாக் வைட் வியந்து பேசினார். 'பங்க் பிறக்கும் முன்பே பங்க்' என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது, இவர்கள் பதிவு 1975, அது சரி. ஆனால் இன்னொருத்தர் வரலாற்றுக்கு முன்னுரை எழுதவா டேவிட் வாசித்தார்? அவர் வாசித்தது ராக். முன்னோடி என்று மாலை போடுவது சுலபம், 34 வருஷம் கழித்து.

பாபியும் டேனிஸும் வேறொரு கிதார் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மேடையேறினார்கள். பாபியின் பிள்ளைகள் பெரியப்பாக்கள், அப்பா பாட்டுகளை வாசிக்கவே ஒரு குழு தொடங்கினார்கள். ரஃப் பிரான்சிஸ் என்று பெயர். அது டேவிட் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்.

ஸ்பீக்கர் கொண்டுவந்த தோழர் அப்போதிருந்து என்னையே பார்க்கிறார். 7 பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட வராது. டீயை அப்புறம் குடிச்சுக்கலாம். போடுங்க தோழர்.