பெற்றோல் பம்பும் றிலேயும்

இலங்கை வீதிகளில் இன்றும் ஓடும் பழைய மொறிஸ் மைனர் கார்களில் எஞ்சினுக்குப் பெற்றோலை அனுப்புவது மின் பம்பே. அது பழுதுற்றதும் புதுவகைப் பம்பொன்றைப் பூட்டுவோர் பலர். அதனைத் திறப்புச் சுவிச்சின் வயரிலேயே தொடுத்தும் விடுகின்றனர்.

பல அம்பியர் வேண்டும் பம்பாயின், நைந்த பழைய வயரில் மின்னழுத்தம் குறையும், சுவிச்சும் சூடேறும். இதற்கே றிலே வேண்டும். கால் அம்பியருக்கும் குறைந்த ஓட்டம் அதன் சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் பெரிய ஓட்டத்துக்கு வழிவிடுகிறது. அதிபர் சிறு மணியை அசைக்கப் பாடசாலை முழுதும் எழுவதைப் போன்றது அது.

பற்றரியிலிருந்து வரும் தடித்த வயரை, பற்றரிக்கு அண்மையிலேயே பியூஸ் ஒன்றிட்டு, 30 எனக் குறித்த முனையிற் சேர்க்க வேண்டும். 87 பம்புக்குரியது. சுருளின் முனைகளான 85, 86 இரண்டில் ஒன்று காரின் உடலுக்கு, மற்றது திறப்புச் சுவிச்சுக்கு. மைனரின் உடல் பற்றரியின் நேர்முனையோடு இணைந்து வந்தது. அதற்கேற்ற பம்புதானா என்று கேட்டே வாங்குக.

இவ்வளவோடு ஆபத்து நீங்கிவிடாது. விபத்தில் எஞ்சின் நின்றபின்னும், திறப்பு திருப்பியபடியே இருந்தாற் பம்பு ஓடும்; அறுந்த குழாய் வழியே சூடான எஞ்சின்மீது பெற்றோலைச் சொரியும். ஆதலால் சுருளுக்குச் செல்லும் வயரின் இடையே, மோதலின் அதிர்ச்சியில் தானே விடுபடும் இனேர்ஷியா சுவிச்சு ஒன்றை வைத்தல் வேண்டும். எண்ணெய் அழுத்தச் சுவிச்சை வைப்போரும் உளர். ஆயின் எஞ்சினைக் கிளப்பும்போது பம்புக்கு ஸ்ராட்டர் வயரிலிருந்து வேறு வழி கொடுக்க வேண்டியிருக்கும். நான் முன்னதையே விரும்புவேன். அதனைக் கைக்கெட்டும் இடத்திற் பூட்டுங்கள். வீதிப் பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியில் விடுபட்டால், மீண்டும் அழுத்திவிடலாம்.