ஆவணப் பிழையும் அதன் திருத்தமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் குடும்பங்களுட் பல இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிள்ளைகளை உடையன. கடவுச்சீட்டு இல்லாத வீடு அரிதாயிற்று. ஆயினும், கடவுச்சீட்டிலுள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரும் எழுத்துப் பிசகாது ஒத்திருக்கும் வீடு அதனினும் அரிது. ஆகலின் இன்று இலக்கியம் பேசாது இதனைப் பேச எழுந்தேன்.

“குடிமக்கள் என்பதற்கு ஆதார் அட்டை போதாதோ?” எனப் பலர் வினவுகின்றனர். போதாது. அவ்வெண் தானே குடியுரிமைக்குச் சான்றாகாது என 2016 ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டமே தன் 9 ஆம் பிரிவிற் கூறுகின்றது. பிறப்பால் எய்தும் குடியுரிமையை வரையறுப்பது 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமாகும். அதன்படி, 1987 ஜூலை 1 ஆம் நாளுக்கு முன் இந்நாட்டிற் பிறந்தார்க்குப் பிறந்த இடமே பெரும்பாலும் போதுமானது. அந்நாள் முதல் 2004 டிசம்பர் 3 ஆம் நாளுக்கு முன்வரை பிறந்தார்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமக்களாயிருத்தல் வேண்டும். அதன்பின் பிறந்தார்க்கோ இருவரும் குடிமக்களாதல் வேண்டும். அன்றேல், ஒருவர் குடிமகனாயும் மற்றவர் சட்டத்துக்கு மாறாகக் குடியேறாதவராயும் இருத்தல் வேண்டும். ஆகவே நம் பிள்ளைகளின் சான்றிதழில் தாய் தந்தையர் பெயர் வெறும் அலங்காரமன்று; அவர்தம் உரிமை நிற்கும் தூண் அதுவே.

இஃது எத்துணைப் பெரிய செய்தி என்பதை அஸ்ஸாம் நாட்டார் அறிவர். ஆங்கு 2019 ஆகஸ்டு 31 ஆம் நாள் வெளியான குடிமக்கள் பதிவேட்டில், விண்ணப்பித்தோருள் 19 இலட்சத்துக்கு மேற்பட்டார் பெயர் இடம்பெறவில்லை. பெயரெழுத்தும் வயதும் ஓர் ஆவணத்தில் ஒருவாறும் மற்றோர் ஆவணத்தில் வேறொருவாறும் இருந்தமையால் இடருற்ற ஏழைகள் அவருட் பலர். நம் நாட்டில் அவ்வாறு நிகழும் என்று நான் அச்சுறுத்த வரவில்லை. பிழை சிறிதாயினும் அதன் விலை நம் கையில் இல்லை என்பதையே சொல்ல வந்தேன்.

இனி, பிழை எங்கே பிறக்கின்றது? பெரும்பாலும் நம் எழுத்து ஆங்கிலத்துக்குப் போகும் வழியிலே பிறக்கின்றது. கயல்விழி என்னும் பெண்ணின் ழகரத்தை ஓர் எழுத்தர் ‘இஸட், எச்’ என இரண்டெழுத்தால் எழுதுவார்; மற்றொருவர் ‘எல்’ என ஒன்றால் முடித்துவிடுவார். நாம் ஒருத்தியையே பெற்றோம்; ஆவணங்களோ இருவரைக் காட்டுகின்றன! ஆதலின், குழந்தைக்குப் பெயரிடும் அன்றே ஆங்கில எழுத்துக் கூட்டையும் வீட்டார் முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி வைத்தல் நன்று.

வீட்டுப் பெயர் மற்றொரு தொல்லை. குடும்ப அட்டையில் இராஜேசுவரி என்றிருக்கும் தாய், மருத்துவமனையிற் கேட்டபோது உடன் சென்ற பாட்டி சொல்லியவாறு இராசாத்தி எனப் பதிவாகிவிடுகின்றாள். தலைப்பெழுத்தோ கடவுச்சீட்டில் விரிந்து தந்தையின் முழுப்பெயராகின்றது. அயல்நாட்டு அலுவலர் அதனையே குடும்பப் பெயராகக் கொண்டு, மகனைத் தந்தை பெயரால் விளிக்கின்றனர். இது நகைப்புக்குரியதேயன்றிப் பிழையன்று. ஆனால் எல்லா ஆவணங்களிலும் ஒரே வகையாய் விரித்தெழுதுதல் இன்றியமையாதது.

திருத்தும் முறையைக் கேளுங்கள். வேரிலே திருத்தாது கிளையிலே திருத்துவதே நம்மவர் வழக்கம்; அது வீண் உழைப்பு. முதலில் பிறப்புப் பதிவேடு. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு இதற்கு வழி வகுக்கின்றது. அச்சட்டம் பழைய எழுத்தை அழிக்க இடந்தரவில்லை. ஓரத்தில் திருத்தம் எழுதிப் பதிவாளர் கையொப்பமும் நாளும் இடுதல் வேண்டும். ஏட்டுச் சுவடி பதிப்பித்த நம் முன்னோர் மூலத்தைக் காத்துப் பாடபேதத்தை வேறாகக் காட்டிய நெறியை இது எனக்கு நினைவூட்டுகின்றது. எழுத்துப் பிழையாயின் பதிவாளரே ஆராய்ந்து திருத்துவார். பொருட்பிழையாயின் உண்மையறிந்த நம்பத்தக்க இருவர் உறுதிமொழி தருதல் வேண்டும். அவ்விருவர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே இதனை முடித்துக்கொள்ளுங்கள். பெயரே எழுதாது பதிந்த பிறப்பாயின், பதினைந்து ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்கலாம். முதல் ஓராண்டில் கட்டணமும் இல்லை.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகட்கு இச்சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் உரிய சான்று. பள்ளிச் சேர்க்கைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் கடவுச்சீட்டுக்கும் அதனையே கேட்பர். வேர் திருந்தியபின் பள்ளிப் பதிவும் ஆதாரும் திருந்தும். வாக்காளர் பட்டியலுக்கு 8 ஆம் எண் படிவம் உண்டு. கடவுச்சீட்டில் அடித்தெழுதுதல் இல்லை. புதிய சீட்டே வழங்குவர். பிழையாலன்றி விருப்பத்தாற் பெயரை மாற்றுவோர் அரசிதழில் வெளியிடல் வேண்டும்.

பிறந்த நாளைப் பற்றி ஒன்று. சென்ற தலைமுறையில் ஜூன் மாதத்திற் பிறந்தோர் வியக்கத்தக்க அளவிற் பலர்! பள்ளி திறக்கும் நாளுக்கேற்ப வயதைக் கூட்டியதன் விளைவு அது. வேலைக்குச் சேர்ந்தபின், ஓய்வுக்காலம் தள்ளிப்போக வேண்டி உண்மை நாளைத் தேடுவாரும் உளர். அதனைப் பிழைதிருத்தம் எனச் சங்கம் ஆதரித்தல் தகாது என்பது என் துணிபு. தரகரிடம் பொருள் கொடுத்துச் சான்று வாங்குதலும் அத்தகையதே. போலி முத்திரை வெளிப்படின் மெய்யான ஆவணமும் ஐயத்துக்கு உள்ளாகும்.

வரும் ஞாயிறு முதல் மாலை வேளைகளிற் சங்கக் கட்டடத்தில் யானும் இரு நண்பரும் இருப்போம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் அட்டைகள் ஆகியவற்றின் படிகளைக் கொணருங்கள். மூலங்களை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். எழுத்தறியாத முதியோரை இளைஞர் உடனழைத்து வருதல் வேண்டும்.