அடுத்து வருபவருக்கு விறகு

நார்வே நாட்டு மலைக்காடுகளில் வாடகைக்கு மரக்குடில்கள் உண்டு. 1868-இல் தொடங்கிய மலையேற்றச் சங்கம் ஒன்று அவற்றைப் பராமரிக்கிறது. பலவற்றில் பணியாளர் கிடையாது. நாம் தங்கப் போனால், சாவி வாங்கிச் சென்று நாமே திறந்து, ஓடையில் நீர் மொண்டு, அடுப்பு மூட்ட வேண்டும். உண்டதற்கும் தங்கியதற்கும் கணக்கையும் நாமே எழுதிவைக்க வேண்டும்.

புறப்படுமுன் தரையைப் பெருக்கி, விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போவது அங்கே முறை. பனியில் நனைந்து, இருட்டிய பின் வந்து சேருகிறவருக்கு அந்த விறகுதான் உயிர். சூரைச்செடியின் அடியில் சாக விரும்பிப் படுத்த எலியாவின் தலைமாட்டில் அப்பமும் தண்ணீரும் இருந்தனவே, அதுபோல.

நாமோ அன்பியக் கூட்டம் முடிந்ததும் நாற்காலியைக்கூட மடக்குவதில்லை. பங்குத்தந்தையையும் சேர்த்தே சொல்கிறோம். போன வாரம் அவற்றை மடக்கி அடுக்கியவர் யார், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?