பிள்ளைகளோடு ஒரு பிற்பகல்

(பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு: வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தி யோவான் 21-ஆம் அதிகாரம். திபேரியக் கடலில் ஏழு பேர் இரவெல்லாம் பாடுபடுகிறார்கள். பேதுரு, தோமா, நத்தனியேல், செபதேயுவின் மக்கள், பெயர் சொல்லப்படாத இன்னும் இருவர். ஒரு மீன்கூட இல்லை. விடியற்காலையில் கரையில் ஒருவர் நின்று அவர்களைப் பிள்ளைகளே என்று கூப்பிடுகிறார். தோள் காய்த்த மீனவர்கள் அவர்கள். அவர்களைத்தான் ஆண்டவர் அப்படிக் கூப்பிடுகிறார்.

வாசலூர்பட்டியில் இருந்துகொண்டு கடல் மீனைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த மலை இது. கடலைக் கண்ணால் பார்க்காத பாட்டிமார் நம்மிடையே உண்டு. படகு என்றால் நமக்குப் படகு இல்லத்தில் காலால் மிதித்து ஓட்டுகிற படகுதான். ஆனாலும் தண்ணீர் வழியாகப் பார்த்தால் கடல் நமக்குச் சொந்தம்தான். ஆகாய கங்கையாக விழுகிற அய்யாறு புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, சமவெளியில் ஓடி, காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அந்தக் கொள்ளிடம் கடலைச் சேரும் இடம் பழையாறு. மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழிக்கு வடகிழக்கே இருக்கிறது. நம் மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு அங்கே போய்த்தான் உப்பாகிறது.

போன கோடையில் பழையாற்றில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கணவர் விசைப்படகில் வேலை செய்கிறவர். எட்டு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். நான் போனது மீன்பிடித் தடைக்காலம். மலையில் இருக்கும் நமக்கு இது அவ்வளவாகத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் மாநிலத்தின் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் 61 நாள் ஆனது. வருமானம் இல்லாத நாட்கள். கடன் வாங்கும் வீடுகள் உண்டு. அந்தக் கஷ்டத்தை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே நாட்களில் இன்னொன்றும் நடக்கிறது. மற்ற மாதங்களில் அந்த மனிதர் பிள்ளைகள் எழும்புமுன் கடலுக்குப் போய்விடுவார். திரும்பும்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், அல்லது தூங்கியிருப்பார்கள். தடைக்காலமும் கோடை விடுமுறையும் ஒன்றாக வருகிறபோதுதான் அப்பா பகலில் வீட்டில் இருப்பார். காலையில் வலை பழுது பார்ப்பார், படகுக்கு வண்ணம் அடிப்பார். பிற்பகலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குத் தூண்டில் போடப் போவார். அன்றைக்கு நானும் போனேன். அவருடைய மனைவி ஒரு தூக்குவாளியில் டீயும், ஒரு பையில் பொரியும் எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் என்னிடம் சொன்னார்: "வருஷம் பூரா கடலு இவரைப் பிடிச்சு வச்சுக்கும் ஃபாதர். இந்த ரெண்டு மாசம்தான் புள்ளைங்க பிடிச்சு வச்சுக்குதுங்க."

முகத்துவாரத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும். கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் ஆற்றுக்குள் வரும். வற்றும்போது ஆற்றுத்தண்ணீர் கடலுக்குப் போகும். ஏற்றம் தொடங்கும் நேரம் பார்த்து அவர் கரையில் உட்கார்ந்தார். நம் பையன்கள் ஓடையில் மண்புழு கோத்துப் போடுவார்கள். அங்கே இறால் துண்டு. நரம்பில் சின்ன ஈயக்குண்டு கட்டி, மகள் கையில் ஒன்று, மகன் கையில் ஒன்று கொடுத்தார். அவருக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. பையனின் நரம்பு சிக்கும்போதெல்லாம் அதைப் பிரித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அன்றைக்கு எத்தனை முறை பிரித்தார் என்று நான் எண்ணவில்லை. கடலில் டன் கணக்கில் வலை இழுத்த கை அது. ஒரு முறைகூட அந்தக் கை அவசரப்படவில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. மகள் என்னிடம், "ஃபாதர், உங்க மலையில மீன் இருக்கா?" என்று கேட்டாள். ஓடையில் கெண்டை, அயிரை இருக்கிறது என்றேன். அவளுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை.

அப்புறம் பையனின் தூண்டிலில் ஒரு கொடுவா குஞ்சு மாட்டியது. உள்ளங்கை நீளம்தான். வாழ்க்கையில் அவன் பிடித்த முதல் மீன்! துள்ளினான். அப்பா முள்ளை மெதுவாகக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விடச் சொன்னார். பையன் அழுதான். அப்பா அவனை அதட்டவில்லை. கொடுவா பெரிய மீன், கடல் பக்கம் போய் முட்டையிடும். குஞ்சுகள் அலை இல்லாத, உப்புக் குறைந்த இந்தத் தண்ணீரைத் தேடி வரும். இங்கே தின்று, பலம் பிடித்து, பிறகு போகும் என்று விளக்கினார். மடவையும் வெள்ளை இறாலும் அப்படித்தானாம். கடலில் பிறந்தவை வளர்வதற்குக் கழிமுகத்துக்கு வருகின்றன.

பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "விட்டா மறுபடி என்கிட்ட வருமா?"

"வராதுடா. கடலுக்குப் போயிடும். போகணும்ல?"

அதைச் சொல்லும்போது அவர் மகளைப் பார்த்தாரோ என்னவோ, எனக்கு அப்படித் தோன்றியது. பையன் மீனை விட்டான். பொழுது சாயும்போது மூன்று கிழங்கானும் ஒரு கெளுத்தியும் கிடைத்தன. நாலு பேருக்கும் விருந்தாளிக்கும் அது எந்த மூலைக்கு? ஆனால் இரவுக் குழம்பில் எந்த மீன் யார் பிடித்தது என்று பெரிய வழக்கே நடந்தது.

நேயர்களே, நம் மலைப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ விடுதிக்கு இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கல்லூரி, திருப்பூர், சென்னை. தகப்பன்மாரில் பலர் கேரளத்துத் தோட்டங்களிலும் பின்னலாடைக் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். பண்டிகைக்கும், ஆடி 18-இல் ஓரி விழாவுக்கும் வருகிறார்கள். மூன்று நாள் இருக்கிறார்கள். அந்த மூன்று நாளில் பிள்ளையைப் பார்த்ததும் முதல் கேள்வி என்ன? எத்தனை மார்க்? ரேங்க் என்ன? போனை உடைத்தது யார்? நான் வீடு சந்திக்கப் போகும்போது காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். அதுவும் ஒரு கரி நெருப்புக்குப் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்துகொண்டு. இன்றைக்குக் கரையிலும் கரி நெருப்புதான் எரிகிறது. ஆண்டவர் அவரிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. மூன்று முறை கேட்கப்போகிறார். ஆனால் எப்போது? யோவான் தெளிவாக எழுதுகிறார்: அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு. முதலில் நெருப்பு மூட்டியிருந்தார். இவர்கள் மீன் கொண்டு வருமுன்பே அவர் மீனைச் சுட வைத்திருந்தார். அப்பத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். இரவெல்லாம் நனைந்தவர்கள் உடம்பு காய்ந்து, வயிறு நிறைந்த பிறகுதான் அன்பு செய்கிறாயா என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வியும் போன குற்றத்தைக் கிளறுவதற்காக வரவில்லை. ஆடுகளை அவர் கையில் ஒப்படைப்பதற்காக வந்தது.

வலையில் 153 மீன்கள் இருந்தன என்று யோவான் எண்ணி எழுதியிருக்கிறார். அந்த எண்ணுக்கு அறிஞர்கள் எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறார்கள், நான் அதில் இறங்கப் போவதில்லை. என் கண்ணில் படுவது வேறு. மீனை எண்ணியவர், அந்தச் சாப்பாட்டின்போது யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. நீர் யார் என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை என்று மட்டும் சொல்கிறார். பேச்சில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த மாதம் பிளஸ் டூ முடிவு வரும். பின்னாலேயே பத்தாம் வகுப்பு. நம் பங்கிலும் எழுதியிருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முடிவு வருகிற அன்றைக்கு அம்மாக்கள் முதலில் சோறு போடுங்கள். அப்பாக்கள் வெளியூரில் இருந்தால் போனில் முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மார்க்கு எங்கும் ஓடிப்போகாது.

பலா பழுக்கத் தொடங்கிவிட்டது. சுற்றுலாக் கூட்டத்தில் இரண்டு காசு பார்க்கும் நேரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பள்ளி திறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து சாப்பிட்ட பிறகு, பிள்ளைகளோடு ஓடைப் பக்கம் போங்கள். மிளகுக் கொடி பற்றியும் வட்டிக் கணக்கு பற்றியும் பேச ஆள் தேடாதீர்கள். படகு ஓடுகிற ஏரியில் தூண்டில் வேண்டாம். ஊர்க் குட்டையும் ஓடையும் போதும். பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகளைத் தண்ணீர் பக்கம் அனுப்பாதீர்கள். கோடையில் குட்டையில் சேறு ஆழம், பாறை வழுக்கும். போன் வீட்டில் இருக்கட்டும். நரம்பு சிக்கும், பிரித்துக் கொடுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.